தாய் வீட்டை விட்டுப் போனவன்

போன வெள்ளிக்கிழமை மட்டக்களப்புச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

“நீங்க அந்தப் பத்தி எழுதுற ஆள்தானே? இனிக் கதை எழுதப்போறன் எண்டு போன வருசம் போட்டிருந்தீங்க. மறுகா ஒண்டையும் காணல்ல?”

“எழுதிட்டுத்தான் இருக்கிறன்.”

“ஓ... அப்ப எழுதுங்க. அவசரமில்ல,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? வாராவாரம் இந்த இடத்தில் பஸ்ஸைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதித் தள்ளுகிற ஆள், ‘இனிமேல் சிறுகதையை ஒழுங்காக எழுதிப் பழகப்போகிறேன்’ என்று ஊருக்கே சொன்னால், ஊர் ஒருநாள் கேட்கத்தானே செய்யும்? நுணலும் தன் வாயால் கெடும். நானும் அப்படித்தான்.

ஆகவே இந்த வாரம் பதில் சொல்கிற வாரம்.

முதலில் எனக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. பத்தி எழுத மேசை வேண்டாம் — மடியில் லப்டொப்பை வைத்துக்கொண்டு எழுதிவிடலாம். கதை எழுதுகிறவனுக்கு மேசை இருக்க வேண்டும் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. விறாந்தையில், ஜன்னல் பக்கம் ஓர் இடம் பார்த்தேன். அங்கே மாமாவின், அதாவது மனைவியுடைய அப்பாவின், கதிரை கிடந்தது. அவரும் மாமியும் இப்போது பின்வளவில் கட்டிய சின்ன வீட்டில் இருக்கிறார்கள். கதிரை மட்டும் இங்கேயே கிடக்கிறது.

மாமியிடம் கேட்டேன். “மாமி, அதில ஒரு மேசை போடட்டா?”

“போடுங்க மகன். என்னத்துக்குக் கேக்கிறீங்க? உங்கட வீடுதானே.”

மேசை போட்டாயிற்று. விடியற்காலையில் எழும்பி, வேலைக்குப் போக முன் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் சில மாதங்கள் நடந்ததை விரிவாகச் சொன்னால் எனக்குத்தான் அவமானம். தொடங்கிய கதைகள் அதிகம். முடித்தவை கொஞ்சம். பத்திரிகைகளுக்கு அனுப்பியவற்றுக்கு ஒரு பதிலும் வரவில்லை. மறுத்தாவது எழுதக்கூடாதா... என்று நானும் மற்ற எழுத்தாளர்களைப் போலவே புலம்பக் கற்றுக்கொண்டேன். அந்த அளவில் முன்னேற்றம்தான்.

பிறகு ஒரு கதை வந்தது. நானே நம்பவில்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. கலியாணம் முடிந்து தாய் வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண். வாசலில் தாய் அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். தகப்பன் கிணற்றடிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். புகுந்த வீட்டில் மாமியாரின் அடுப்படியில், எந்தப் பேணியில் உப்பு இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறாள் அவள். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

வந்தாறுமூலையில் மாதத்துக்கு ஒருமுறை கூடிக் கதை வாசிக்கிற சின்னக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வாசித்தேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவர் “நெஞ்சைத் தொட்டுட்டுது” என்றார். வீட்டுக்கு வந்த வேகத்திலேயே மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் றால் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே வாசித்தாள்.

“இஞ்சாருங்க, இது எந்த ஊர்ல நடக்கிற கதை?”

“நம்மட பக்கம்தான். கிரான்குளம் எண்டு போட்டிருக்கிறனே.”

“நம்மட ஊர்ல எந்தப் பொம்புள தாய் வீட்ட விட்டுட்டுப் போறாள்?” பேப்பரை மேசையில் வைத்தாள். “நீங்கதானே இஞ்ச வந்தீங்க.”

சொல்லிவிட்டு றாலுக்குப் போய்விட்டாள்.

நான் மேசையிலேயே இருந்தேன். நாற்பத்தைந்து வயது. பிறந்தது, படித்தது, வேலை செய்வது எல்லாம் இந்த மாவட்டத்தில். எங்களிடம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். நான் பார்த்த கலியாணம் எல்லாம் அப்படித்தான். மட்டக்களப்புக்கு வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் பகிடியாகச் சொல்வார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை — பாய் பெண்ணுடையது, பாய் கிடக்கிற வீடும் பெண்ணுடையது. இதெல்லாம் தெரிந்தும், என் வாழ்க்கையில் ஒருநாளும் காணாத ஓர் அழுகையை, கண்ணீரோடு எழுதியிருக்கிறேன்!

எங்கே இருந்து வந்தது? கடல் தாண்டி வந்த கதைகளில் இருந்து. பின்னேரம் போடுகிற டீவி நாடகங்களில் இருந்து. அங்கே அந்தப் பெண்கள் உண்மையாகவே அழுகிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கண்ணீரை இரவல் வாங்கி, கிரான்குளத்தில் ஒரு வாசலில் ஊற்றியது நான்தான். அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் இந்த ஊர்க்காரர். அவர்களில் ஒருவருக்கும் இடிக்கவில்லை என்பதை யோசிக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்படியானால் எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் போகும்போது அழுவது யார்?

யாரும் இல்லை. ஆம்பிளை அழக்கூடாதே.

எனக்குப் பழுகாமம். வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்கிற பக்கம். கலியாணத்துக்குப் பிறகு கல்லடிக்கு, கிழக்கே எழுவான்கரைக்கு வந்தேன். உடுப்புப் பையோடு வெளிக்கிட்ட அன்று அம்மா, “சாமானெல்லாம் எடுத்திட்டியா மனே? ஒண்டையும் விட்டுட்டுப் போயிடாத” என்றா. பஸ் பட்டிருப்புப் பாலத்தில் ஏறி வாவியைக் கடக்கும்போது நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பி இருந்தேன். பக்கத்தில் புது மனைவி. அவளோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தேன்.

அந்த வீடு இப்போது தங்கச்சியுடையது. அதுதான் முறை, அதில் எனக்குச் சின்ன மனக்குறைகூட இல்லை. ஆனால் நான் போனால் அவள் நல்ல கோப்பையை எடுத்துக் கழுவி, அதில் தேத்தண்ணி தருகிறாள். “எத்தின மணி பஸ்ஸுக்கு அண்ணா?” என்று அன்பாகத்தான் கேட்கிறாள். பிறந்த வீட்டில் விருந்தாளி, இருக்கிற வீட்டில் மருமகன். இரண்டு இடத்திலும் நல்ல மரியாதை. மரியாதைதான் கஷ்டம்.

இதை எழுதினேன். இந்த முறை சுலபமாக வரவில்லை. மாதக்கணக்கில் இழுத்தது. முடிந்தபோது, இந்த ஒரு வருடத்தில் நான் எழுதிய ஒரே உண்மையான கதை இதுதான் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது — இதை அவளுக்குக் காட்ட முடியாது.

ஏனென்றால் கதையில் ஓர் இடம் இப்படி வருகிறது: ‘இத்தனை வருடத்தில் அந்த வீட்டுச் சுவரில் அவன் கேட்காமல் ஓர் ஆணி அடித்ததில்லை. அது அவளுக்குத் தெரியாது.’

என்னை ஒரு சொல் குறை சொல்லாமல் வைத்திருக்கிற வீடு. மாமி எனக்கென்று கருவாட்டுக் குழம்பு தனியாக வைத்து அனுப்புவா. அந்த வீட்டில் இருந்துகொண்டு, அவர்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ‘நான் இங்கே இன்னும் வந்தவன்தான்’ என்று எழுதி ஊருக்குக் காட்டுவதா? நன்றி கெட்ட வேலை இல்லையா? அவளுடைய மனம் நொந்தால் என்ன செய்வேன்?

தப்ப வழி தேடினேன். கதாநாயகனை மூதூர்க்காரன் ஆக்கினேன். பாங்க் வேலை கொடுத்தேன். மீசை வைத்தேன். எதைச் செய்தாலும் அவன் என்னைப் போலவே ஆணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு வரியை எடுத்தேன். எடுத்ததும் கதை செத்துவிட்டது. திரும்பப் போட்டேன். கிழித்துப்போடலாமா என்றும் யோசித்தேன்... மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பிறிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

பின்வாசல் படியில் இருந்துகொண்டு வாசித்தாள். நான் வேலை இருக்கிறவன்போல வளவைக் கூட்டினேன். வாசித்து முடித்தாள். எழும்பிப் போய் அரிசி களைந்தாள். மத்தியானம் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், “இன்னும் போடட்டா?” என்று கேட்டாள். கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் என்ன சாப்பிட்டேன் என்றே எனக்குத் தெரியாது.

பின்னேரம் தேத்தண்ணியோடு வந்தாள். பேப்பரும் கையில்.

“கதை நல்லா இருக்கு. ஒரு இடம் மட்டும் பிழை.”

“எந்த இடம்?”

“அது அவளுக்குத் தெரியாது எண்டு எழுதியிருக்கீங்க.” அந்த வரியில் விரலை வைத்தாள். “அவளுக்குத் தெரியும்.”

வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன்.

“அந்தாள் ஒவ்வொரு ஆணிக்கும் அவள்ற தாய்ட்டக் கேக்கிறத அவள் கேட்டுட்டுத்தான் இருக்கிறாள். தன்ர தாய் வீட்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னமே அந்தாள்ற முகம் மாறுறதும் தெரியும். திரும்பி வரக்குள்ள பஸ்ஸில கூடுதலாச் சிரிக்கிறதும் தெரியும்.”

நான் கேட்டேன். “அப்ப ஏன் அவள் ஒண்டும் சொல்லல்ல?”

“சொன்னா அந்தாள் இல்ல எண்டு சொல்லும். மறுகா இன்னும் கூடச் சிரிச்சிட்டுத் திரியும். அதப் பாக்கிறது அவளுக்குக் கஷ்டம்.”

“அவளுக்கு அவனில கோவம் இல்லியா?”

“கோவம் என்னத்துக்கு? ஒரு நாளைக்கெண்டாலும் கேக்காம அடிச்சா என்ன எண்டு மட்டும் நினைச்சிருக்கிறாள்.”

தேத்தண்ணி ஆறிப்போனது. நாங்கள் இருட்டும் வரைக்கும் அந்த இரண்டு பேரையும் பற்றியே கதைத்தோம். அவன் இப்படி, அவள் அப்படி. கடைசி வரைக்கும் ‘நான்’ என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு கதைத்தது கிடையாது. கதை எழுதி என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது கிடைத்தது. இதற்குமேல் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

“அப்ப அவள் என்ன செய்திருக்கலாம்?” என்று கடைசியாகக் கேட்டேன்.

“அத நீங்கதான் எழுதணும். எழுதிட்டுத் தாங்க, பாப்பம்,” என்றாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதை இன்னும் முடியவில்லை, வாசகர்களே. அந்தப் பெண் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள் — குறுக்கே பேச எனக்கு மனமில்லை.