சதாசிவம் சார் காட்டாத படம்

செய்தியைச் சொன்னவள் முத்துலட்சுமி. எங்கள் பள்ளியில் படித்தவள். இப்போது ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை. பல்லடம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர், சார் போயிட்டாங்க" என்றாள். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. மாரடைப்பாம், மூலனூரில் சொந்த வீட்டில். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஓய்வு பெற்று முழுசாய் ஒரு வருடம் உட்காரவில்லை, அப்படி என்ன அவசரம் இந்த மனிதருக்கு? வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், சதாசிவம் சார் ஆங்கில ஆசிரியர். ஐரோப்பாவில் பல நாட்டுப் பள்ளிகள் கூடி, பிள்ளைகளுக்குச் சினிமாவைப் பார்க்கவும் எடுக்கவும் கற்றுத்தரும் திட்டம் ஒன்று இருந்தது. விடாமல் எழுதி எழுதி, எங்கள் பள்ளியையும் அதில் ஒட்டவைத்துவிட்டார். வருடத்துக்கு ஒரு விதி கொடுப்பார்கள். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அந்த விதிப்படி படம் எடுத்து, கடைசியில் இணையத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துப் பேசுவார்கள்.

இதற்கெல்லாம் பலி என் வேதியியல் பீரியடுகள். ஒருநாள் ஒரு பீரியட் முழுக்க, சன்னல் வழியே எதிர்க்கடை டீ மாஸ்டரின் கையை மட்டும் பார்க்கச் சொல்லி வகுப்பையே நிற்கவைத்திருந்தார். "பரீட்சையில டீ ஆத்தறதையா சார் கேக்கப் போறாங்க?" என்று எகிறினேன். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். பசங்க இப்பத்தானுங்க பார்க்கவே பழகறாங்க" என்றார். அவரிடம் சண்டை போடுவது தலையணையைக் குத்துவது போல. நமக்குத்தான் கை வலிக்கும்.

முத்துலட்சுமி பத்தாம் வகுப்பில் இருந்த வருடம் வந்த விதி இது: வேலை செய்யும் ஒருவரின் முகம்; ஒரே ஷாட்; வெட்டக்கூடாது. அவள் தன் அம்மாவை எடுப்பதென்று முடிவு செய்தாள். அம்மா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு கம்பெனியில் தைத்த பீஸ்களைச் செக்கிங் செய்பவர். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வெளிநாட்டில் காட்டுவார்கள் என்றதும் முதலாளி மகிழ்ந்து அனுமதி கொடுத்தார்.

திருப்பூரில் கம்பெனிக்குள் கேமரா நுழைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள், பாதுகாப்பு விதிகளைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு வந்துவிட்டார். போனை ஸ்டாண்டில் மாட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்த சூப்பர்வைசர், "ஆடிட்! ஆடிட்!" என்று கத்திவிட்டார். நொடியில் எல்லா முகத்திலும் மாஸ்க். கட்டிங் மாஸ்டர் கையில் இரும்புக் கையுறை. அவசர வழியை அடைத்திருந்த அட்டைப்பெட்டிகள் மாயம். அம்மாவும் பழக்கதோஷத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். முகம் எடுக்க வந்தவளுக்கு முகமே இல்லை.

"நிறுத்தாத கண்ணு, ஓடட்டும்" என்றார் சார். ஓடியது. கொஞ்ச நேரத்தில் யாரோ பள்ளி யூனிஃபார்மைக் கவனித்து, "அட, இது நம்ம செக்கிங் அக்கா புள்ளடா!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அம்மாவுக்குப் பின்னால் மாஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கையுறை டிராயருக்குள் போனது. பெட்டிகள் திரும்பி வந்து கதவை அடைத்தன. கடைசியில் அம்மா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, "சாப்பிட்டியாட்டீ?" என்று மகளைக் கேட்டார். எல்லாம் ஒரே ஷாட்டில். வகுப்பில் போட்டுப் பார்த்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கோ இதை பையர் பார்த்தால் என்ன ஆகும் என்றுதான் ஓடியது.

படத்தில் இருப்பது எப்படியோ முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. தலைமையாசிரியர் அறையில் வந்து உட்கார்ந்தார். குரல் உயரவேயில்லை. "படம் அருமைங்க சார். பின்னாடிப் பாதிய மட்டும் வெட்டிப்போடலாமுங்க. அங்க பார்க்கற பசங்க ஊட்டுல யாராச்சும் பையரா இருந்துட்டா? அந்தம்மாளும் நம்மகிட்ட நிம்மதியா வேலை பார்க்கட்டுமுங்க." அந்தக் கடைசி வாக்கியம் மிரட்டல் என்று பக்கத்தில் நின்ற எனக்குப் புரிந்தது.

"வெட்டறதில்லீங்க" என்றார் சார், அதே மரியாதையோடு. "அனுப்பறதா வேண்டாமான்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாதுங்க."

"வேற யாருங்க சொல்றது?"

"அந்த மொகத்துக்குச் சொந்தக்காரங்க."

ஞாயிற்றுக்கிழமை வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அவர்கள் இருந்த வீட்டுக்குப் போனோம். சார் போனை நீட்டினார். அம்மா இரண்டு முறை பார்த்தார். "எம் மொகம் போனாப் போவுது சார். பின்னால நிக்கவளுவ எல்லாம் பிள்ளகுட்டிக்காரிய. அனுப்பாதீய" என்றார். "சரிங்கம்மா" என்று சார் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். "வெட்டக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான சார்! இப்ப மொத்தமா வெட்டிட்டீங்களே!" என்று முத்துலட்சுமி அழுதுகொண்டே வெளியே ஓடினாள்.

"பயந்துட்டீங்க சார்" என்று தெருவில் வைத்தே பொரிந்தேன். "பயந்தேன்தானுங்க டீச்சர். அவங்களுக்கு வேலை போனா, அந்த டேபிள்ல நாம போயி நிப்பமுங்களா?" என்றார்.

இணையத்தில் எல்லோரும் கூடிய நாளன்று, முதலாளி தன் ஆள் ஒருவரை அனுப்பி எங்கள் அறையில் உட்காரவைத்திருந்தார். ரொட்டி சுடுபவர், டிராம் ஓட்டுபவர், மீன் அறுப்பவர் என்று ஒவ்வொரு நாட்டு முகமும் வந்துபோனது. எங்கள் முறை வந்ததும் திரை சும்மா கிடந்தது. இணைப்பு போய்விட்டதா என்று அங்கிருந்து கேட்டார்கள். அதுவரை சாரிடம் பேசாமலிருந்த முத்துலட்சுமி எழுந்து கேமராவின் முன் போய் உட்கார்ந்தாள். அந்த ஆள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். நான் கையைப் பிசைந்த பிசைவில் வளையல் ஒன்று உடைந்தது.

"படம் இருக்கிறது. என் அம்மா வேண்டாம் என்றார்" என்றாள் ஆங்கிலத்தில். உன் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அங்கே ஒரு பையன் கேட்டான். "டி-ஷர்ட் செக்கிங். நீ போட்டிருப்பதுகூட இருக்கலாம்." அந்தப் பையன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். திரையின் ஒவ்வொரு சதுரத்திலும் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். சாரைப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வேலை போகவில்லை. ஆனால் அந்த மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

இப்போது மகள் சம்பாதிக்கிறாள். அம்மா வேலையை விட்டுவிட்டார். மூலனூரில் சாரின் உடலை எடுத்த பிறகு, இதையெல்லாம் எழுதலாமா என்று முத்துலட்சுமியின் அம்மாவிடம் கேட்டேன். பார்த்ததை எழுத யாரிடம் கேட்க வேண்டும் என்றிருந்தவள் நான். சாரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டு, இனி என்னோடு இருக்கப்போவது இந்தக் கேட்கும் பழக்கம்தான்.

"எழுதுங்க டீச்சர். கம்பெனி பேரு வேண்டாம். படமும் வேண்டாம், அவளுவ இன்னும் அங்கனதான வேல பாக்காளுவ" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "எம் பேரப் போடுங்க. சார் எங்கிட்ட வந்து கேட்டாருன்னு எழுதுங்க" என்றார்.

அவர் பெயர் பேச்சியம்மாள்.