ஒன்று விழுந்தால் தாயம்

என் மாமா பெங்களூரில் கணினி வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கி வரும் நல்ல பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு சுருக்குப்பையோடு வந்து இறங்கினார். மிட்டாய் என்று நினைத்துத் தம்பி அதைத் தரையில் கவிழ்த்தான். நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி போன்ற பகடைக் காய்கள் உருண்டன. எல்லாவற்றிலும் எண்கள். இருப்பதில் பெரியதற்கு இருபது முகம்.

அந்தக் கோடையில் அம்மாவுக்கு மதுரையில் இருதய ஆபரேஷன். அப்பாவும் கூடப் போவதால் எங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் மாமா வந்திருந்தார். எங்களிடம், சின்னதாக ஒரு வைத்தியம் என்று சொல்லியிருந்தார்கள். சின்னது என்றால் ஊசி என்று நானாக முடிவு செய்து, ஊசிக்கு எதற்கு மதுரை வரை போக வேண்டும் என்று அப்பாவிடம் வாதாடியும் பார்த்தேன்.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்கு அப்பா காவல். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை முன்னோர் படைப்புக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் பின்கட்டில் குடியிருந்தோம். நடுவில் இருந்த பெரிய முற்றத்தைக் கூட்டிப் பெருக்க எங்களுக்கு உரிமை உண்டு, விளையாட இல்லை. மாமா அந்தச் சட்டத்தையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரத்தின் ஆத்தங்குடிக் கல் தரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கல் ஒரு கட்டம் என்றார். தூண்கள் மலைகள். புளியங்கொட்டைகள் நாங்கள். கவிழ்த்து வைத்த பித்தளைச் சொம்பு, ஊருணிக்கு அடியில் உறங்கும் டிராகன்.

ஆட்டம் இதுதான். மாமா கதை சொல்வார். கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். நான் மந்திரக்காரி, தம்பி வில்லாளி. இக்கட்டு வரும்போது என்ன செய்வது என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகக் காயை உருட்டிப் பார்க்க வேண்டும். பெரிய எண் விழுந்தால் நல்லது.

"கதவு தானாத் தொறக்குது. உள்ள ஒரே இருட்டு. இப்ப நீங்க என்ன செய்யப் போறீக?" என்று மாமா கேட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதி அந்த இருட்டுக்கு, பாதி அந்தக் கேள்விக்கு. அதுவரை பெரியவர்கள் என்னிடம் என்ன செய்து தொலைத்தாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருந்ததில்லை. விளக்கேற்றுகிறேன் என்றேன். மாமா கண்ணை மூடித் திறந்து, அந்த வெளிச்சம் எதுவரை போகிறது, அதில் என்னென்ன தெரிகிறது என்று சொல்லத் தொடங்கினார். தண்ணீர் சொட்டும் பாறை, அதில் பதிந்த நகத்தடம், அதற்கப்பால் மூச்சு விடும் சத்தம். என் ஒரு சொல்லில் ஒரு குகையே வெளிச்சமாகிவிட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தம்பியின் வில்லாளி குகைக்குள் மாட்டிக்கொண்டான். தம்பி நிஜமாகவே அழுதான். அழுகை கேட்டு அம்மா சமையலறையிலிருந்து மெதுவாக வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும் அப்போது. மூச்சு அடங்கியதும், தனக்கும் ஓர் ஆள் வேண்டும் என்றார். காயம் ஆற்றும் வைத்தியச்சியாக இருக்கலாமே என்று மாமா சொல்லிப் பார்த்தார். அம்மா வாள் வீராங்கனைதான் வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி சிரிப்பு? இங்க ஒரு குடம் தண்ணி தூக்க விடமாட்டேங்கிறீக. அங்குட்டாச்சும் வாளத் தூக்குறேன்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நான் பார்த்த அம்மா வேறு ஆள். குரல் தாழ்வாகத்தான் இருந்தது, ஆனால் தயக்கமே இல்லை. நானும் தம்பியும் எதைக் கண்டாலும் அடி, வெட்டு என்று கத்துவோம். அம்மா வாளை உறையில் போட்டுவிட்டு, டிராகனிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மாமா ஆட்டத்தின் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பாதாளப் பாலத்தில் அம்மாதான் முன்னால் நடந்தார், நாங்கள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனோம். புளியங்கொட்டைக்கு ஏது முந்தானை என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையே பார்த்தேன்.

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள் பிற்பகல், டிராகன் விழித்துக்கொண்டது. குகை வாசலின் கல்கதவு இறங்கத் தொடங்கியது. அம்மா கதவுக்கடியில் தோள் கொடுத்துத் தாங்கப்போவதாகச் சொன்னார். தாங்க முடியுமா என்று காய் சொல்ல வேண்டும். அம்மா உருட்டினார். ஒன்று விழுந்தது.

நானும் தம்பியும் துள்ளிக் குதித்துத் தாயம், தாயம் என்று கத்தினோம். எங்கள் ஊரில் தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் அதுதான் தாயம், அது விழாமல் காய் கட்டத்துக்குள்ளேயே நுழைய முடியாது. விழுந்தால் இன்னொரு ஆட்டமும் உண்டு. இந்த விளையாட்டில் ஒன்றுக்கு என்ன பொருள் என்று மாமா எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, அதுவரை விழுந்ததும் இல்லை. மாமா காயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக சொல்றதுதான் சரி. நம்ம வீட்டுல ஒண்ணு விழுந்தா தாயந்தான். இன்னொருக்கா போடுக்கா" என்றார் மாமா.

அம்மா போடவில்லை. காயை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நான் கதவப் பிடிச்சுக்கிறேன். இந்த ஆட்டத்த நீ போடு. தம்பிய விட்டுட்டு மட்டும் போயிராத."

நான் உருட்டினேன். பதினெட்டு. நான் தம்பியை இழுத்துக்கொண்டு ஊருணிக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக மாமா சொன்னார். அம்மா எப்போது வெளியே வருவார் என்று தம்பி கேட்டான். மதுரைக்குப் போய்த் திரும்பியதும் வருவார் என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார். டிராகன் தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்தேன்.

அம்மா பிழைத்து வந்தார். இன்றும் என்னைத் திட்டுமளவுக்குத் தெம்பாகவே இருக்கிறார். பல வருஷம் கழித்து, வேலைக்குப் போன ஊரில் நண்பர்களோடு இதே ஆட்டம் ஆடியபோது எனக்கு ஒன்று விழுந்தது. தாயம் என்று நான் கத்தியதும் எல்லோரும் விழித்தார்கள். பிறகு ஒருத்தி பொறுமையாக விளக்கினாள்: இருபதிலேயே மோசமானது ஒன்று, செய்ய வந்தது அடியோடு தவறிப்போகும், சில சமயம் ஆளே போய்விடும். அன்று எனக்கு மேற்கொண்டு விளையாட முடியவில்லை.

தாயம் விழுந்துவிட்டது, இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பிற்பகலில் உறுதியாக நம்பியது நானும் தம்பியும்தான். அம்மாவுக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. அவர் இல்லாவிட்டாலும் நாங்கள் இருவரும் வெளியே வந்து சேர்ந்துவிடுவோமா என்று தூணில் சாய்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. தம்பியின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தேன்.