கொண்டவன் அல்ல, மீட்டவன்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும் தம்பியின் வணக்கம். "என்னப் பத்தி ஒப்பாரி வெச்சு எழுதுன, பாரு" என்று அக்கா உயிரோடு இருக்கும்போதே என்னை மிரட்டிவிட்டார். ஆகவே அவர் ஜெயித்த கதையை எழுதுகிறேன்.

காரிமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில், வானம் பார்த்த பூமியை நம்பிய குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் அப்பா தவறிவிட்டார். கறவை மாடுகளை வைத்துக் குடும்பத்தைத் தாங்கி, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அக்காதான். பாப்பாரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, குழந்தை இல்லாத அக்கா பிறந்த வீட்டுக்கே திரும்பினார். பிறகு ஊர் பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலை. அவர் அளந்தால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு ஊர் வைத்திருந்த பெயர்தான் வேடிக்கை. "திருட்டு வூடு."

காரணம் எங்கள் சாமி. எங்கள் கொல்லையில் வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடும் பழைய நடுகல் இருக்கிறது. கையில் வில்லேந்திய வீரன், காலடியில் மாடுகள், கடைசியில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒரு கன்று. மேலே பழைய எழுத்து. கல்லின் மேல்மூலை எந்தக் காலத்திலோ உடைந்துபோனதால் வரிகளின் பின்பாதி இல்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வெளியூரிலிருந்து வந்த ஒருவர், மீதமிருந்ததைப் படித்து, "தொறுக் கொண்ட என்று இருக்கிறது. தொறு என்றால் மாட்டு மந்தை" என்று சொல்லிவிட்டுப் போனார். மந்தையைக் கொண்டவன் என்றால் மாட்டுத் திருடன்தானே! ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று ஏரியில் குளிப்பாட்டிய மாடுகள் கோயில் திடலுக்கு வரும்போது எங்கள் மாடுகள்தான் கடைசி. மேட்டு வீட்டு மாமா திடலில் நின்று, "திருட்டு வூட்டு மாடு வருது, அவங்கவங்க மாட்டை எண்ணிக்கோங்கப்பா!" என்று குரல் கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அக்கா சிரித்ததே இல்லை.

ஒருநாள் என் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் ஏதோ பேனா காணாமல் போக, இவள் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்த்தார்களாம். அக்காவுக்கு அப்போது புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சேலத்துக்குப் போய்வந்த களைப்பில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "நான் போறதுக்குள்ள இந்தப் பேரு இந்த வூட்ட வுட்டுப் போவணும்டா" என்றார்.

தருமபுரியில் பழைய ஆவணங்களும், கல்வெட்டுகளின் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுத்த படிகளும் வைத்திருக்கும் காப்பகம் ஒன்று உண்டு என்று விசாரித்தார். கல் உடைவதற்கு முன்பே யாராவது படி எடுத்திருக்கலாமே என்பது அவர் எண்ணம். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த உடம்போடு பஸ் ஏறுபவரைத் தனியாக விட முடியாமல்தான் கூடப் போனேன்.

ஊர்ப் பெயரைச் சொன்னோம். அங்கிருந்த அம்மையார் பொறுமையாகத் தேடிப் பார்த்து, "உங்க ஊர் பேர்ல ஒண்ணும் இல்லீங்களே" என்றார். நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

"ஊர் பேரு கெடக்கட்டும்ங்க. மாடு செதுக்குன கல்லு எதெல்லாம் இருக்குதோ, அதெல்லாம் எடுத்துக் காட்டுங்க. எங்க கன்னுக்குட்டிய எனக்குத் தெரியும்."

அம்மையார் சிரித்துக்கொண்டே சுருள் சுருளாக எடுத்து வந்து மேசையில் விரித்தார். நம் மாவட்டத்தில் மாடு செதுக்கிய கல்லுக்கா பஞ்சம்! மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. எனக்குப் பசியில் எல்லாக் கன்றும் ஒரே கன்றாகத் தெரிந்தது. அக்கா திடீரென்று ஒரு தாளின் மேல் கையை வைத்தார்.

"இது எங்க சாமிங்க."

கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் அதே கன்று. உடையாத முழுக் கல்! ஓரத்தில் ஊர்ப் பெயர் இல்லாமல் "வேடியப்பன் கொல்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பெயரில் நம் பக்கம் ஊருக்கொரு கொல்லை இருக்கும், யார் கண்டுபிடிப்பது?

அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "தொறுக் கொண்ட ஞான்று மீட்டுப் பட்டான்."

"அப்படின்னா?"

"மந்தைய எதிராளுங்க பிடிச்சிட்டுப் போன அன்னிக்கு, இவரு போய் மீட்டுட்டு வந்து உயிரை வுட்டாரும்மா."

"அப்ப திருடுனது?"

"வேற யாரோ. உங்காளு மீட்டவரு."

அந்த அமைதியான அறையில் அக்கா சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. கைதட்டிச் சிரித்தார். அப்புறம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், கண்டக்டரிடம், காரிமங்கலம் டீக்கடையில் எல்லாரிடமும் "மீட்டுப் பட்டான்" கதைதான்.

மறுநாள் காலை பால் ஊற்ற வந்த கூட்டத்தை நிறுத்தி, காப்பகத்தில் வாங்கிவந்த நகலைச் சொசைட்டிச் சுவரில் ஒட்டி, வாத்தியார் மாதிரி விரல் வைத்துப் படித்துக் காட்டினார். மேட்டு வீட்டு மாமா நெடுநேரம் அதையே பார்த்தார். "இத்தன நாளா பாதியப் படிச்சிட்டா கத்திக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

"பாதிப் பால ஊத்திட்டு முழுக் காசு கேட்ட மாதிரிதான் மாமா" என்றார் அக்கா.

அந்த மாட்டுப் பொங்கலுக்கு ஊர் கூடி முடிவு செய்து, எங்கள் மாடுகளை முதலில் விட்டது. திடலில் அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மீட்டவங்க வூட்டு மாடு வருது, வழி வுடுங்க!" என்று மாமா தொண்டை கிழியக் கத்தினார். என் மகள் மாட்டுக்கு முன்னால் ஓடிவந்தாள். அக்கா போட்ட விசில் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

அடுத்த மாதமே படுக்கையில் விழுந்தார். வலியிலும் பேச்சில் குறும்பு குறையாமல், என் மகளின் கையைப் பிடித்தபடியே கண்மூடினார்.

சிகிச்சையின்போது துணையாயிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், சேலம் போகவர வண்டி ஓட்டிய நண்பர்கள், காப்பகத்து அம்மையார், ரத்தம் கொடுத்த பொம்மிடி உறவுகள், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகள், பால் சொசைட்டியினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேட்டு வீட்டு மாமாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அன்று பாடையைத் தூக்க நாங்கள் பங்காளிகள் குனிந்தபோது, வயதானவர் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "உங்களால முடியாதுங்க மாமா" என்று தடுத்தேன்.

"நகருப்பா. ஊரு மானத்த மீட்டுக் குடுத்தவ. முதல் தோளு என்னுது" என்றார். தூக்கினார்.