மத்திகிரிக்கு லினக்ஸ் கேட்டுப் போனோம்

வியாழக்கிழமை, காலை 5.40. கல்லாவி பேருந்து நிறுத்தத்தில் சிவகாமி டீச்சர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தோளில் மடிக்கணினிப் பை, கையில் வெள்ளைக் கோல்.

"கலா, கேபிள் எடுத்தியா?"

"ரெண்டு எடுத்திருக்கேன் டீச்சர்."

டீச்சர் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் கல்லாவி கடைவீதியில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். என் மையத்திலுள்ள பழைய கணினிகள் எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்னும் இயங்குதளம்தான். காசு கொடுக்க வேண்டாம், பத்து வருடப் பழைய பெட்டியிலும் சுறுசுறுப்பாக ஓடும். டீச்சரின் மடிக்கணினியிலும் அதுதான். திரையில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லும் மென்பொருளை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

போன வருடம் டீச்சரின் பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு பிரெயில் பிரிண்டர் வாங்கித் தந்தார்கள். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தை எழுப்பும் இயந்திரம். பிளஸ் டூவில் பார்வையில்லாத மாணவிகள் இரண்டு பேர், நந்தினியும் ரேகாவும், பாடப் பிரதிக்காகக் காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால், அதோடு வந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். தயாரித்த நிறுவனம் ஓசூரை அடுத்த மத்திகிரியில் இருந்தது. நான்கு மாதம் மின்னஞ்சல் அனுப்பினோம். "பரிசீலிக்கிறோம்" என்று வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. கடைசியில் டீச்சரே போன் போட்டு, "வியாழக்கிழமை நேர்ல வர்றோம், இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எங்கள் இருவருக்குமே டிக்கெட் கிடையாது. ஊத்தங்கரையில் இறங்கி கிருஷ்ணகிரி வண்டி பிடித்தோம். மத்தூர் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு காபி. எட்டு மணிக்கு ஓசூர் பஸ். சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். சூளகிரி வரை டீச்சர் நிறுவனத்தில் என்னென்ன பேச வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

9.35. ஓசூர். மத்திகிரிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் போனில் தெலுங்கு, எதிரே வந்த ஆட்டோக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ்.

"கெலவரப்பள்ளி டேம் பாக்க வந்தீங்களாம்மா?"

"கம்பெனிக்கு வந்தோம்ங்க. எங்க கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போற மாதிரி பிரிண்டர் பண்ணித் தரச் சொல்லிக் கேக்கப் போறோம்," என்றார் டீச்சர்.

"கேட்டா குடுப்பாங்களா?"

"குடுக்கலைன்னா ஏன்னு கேட்டுட்டு வருவோம்."

அவர் சிரித்துக்கொண்டே கால்நடைப் பண்ணையைத் தாண்டி ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் முன் இறக்கிவிட்டார். உள்ளே பதினைந்து பேர்கூட வேலை செய்யாத சின்ன நிறுவனம்.

மேலாளர் சுப்பையா திருநெல்வேலிக்காரர். மரியாதையாக உட்கார வைத்து டீ வரவழைத்தார். ஆனால் சுற்றி வளைக்கவில்லை.

"உள்ளதைச் சொல்லுதேன், லினக்ஸ் வேணும்னு இதுவரைக்கும் நீங்க ரெண்டு பேருதான் கேட்டிருக்கீங்க. ரெண்டு பேருக்காக ஆள் போட்டு புரோகிராம் எழுதுனா கட்டுபடி ஆகுமா?"

"கேட்டது நாங்க ரெண்டு பேரு சார். இதைப் பாத்துட்டு வாங்காமலே போனவங்க எத்தனை பேருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கிட்டா முடிஞ்சு போச்சேம்மா?"

"வாங்கலாம். பன்னண்டு வருஷமா பழகின கம்ப்யூட்டரை ஒதுக்கிட்டு நான் முதல்ல இருந்து பழகணும். பிரிண்டர் வாங்குற ஒவ்வொரு பள்ளிக்கூடமும் கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வாங்கணும். உங்க மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல சார். அது எங்களோட பேச மாட்டேங்குது, அவ்வளவுதான்."

நான் குறுக்கிட்டேன். "நீங்க புரோகிராம் எழுத வேண்டாம் சார். நாங்களே பாதி எழுதிட்டோம். எழுத்து விழுது. ஆனா வரி முடிஞ்சதும் தாள் எக்குத்தப்பா நகருது. தாளை நகத்துறதுக்கு என்ன கட்டளை அனுப்பணும்னு ஒரு பட்டியல் இருக்குமில்ல, அதை மட்டும் குடுங்க."

அவர் தயங்கினார். போட்டிக் கம்பெனிக்காரர்கள் கையில் கிடைத்துவிட்டால்? பொறியாளர் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்து தினமும் வந்து போகிற இளைஞர். அவர் வந்ததும், நான் திறந்து வைத்திருந்த டீச்சரின் மடிக்கணினித் திரையைத்தான் எட்டிப் பார்த்தார். மேலாளர் பக்கம் திரும்பவே இல்லை.

"இது நீங்களே கண்டுபிடிச்சதா மேடம்?" பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், அதுல ரகசியம் ஒன்னும் இல்ல. நாலு பக்கம்தான். நான்தான் டைப் பண்ணேன்."

சுப்பையா கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொன்னு. ஒரு மணி வரைக்கும் பட்டியலைப் பாத்துக்கிடுங்க. ஒரு பக்கம் பிழையில்லாம வந்துச்சுன்னா யோசிக்கலாம். வரலைன்னா என்னைக் கோவிச்சுக்கிடக் கூடாது."

அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. அங்கிருந்த ஒரு பிரிண்டரில் மடிக்கணினியை இணைத்து, மஞ்சுநாத் பட்டியலைப் படிக்க, நான் தட்டச்சு செய்ய, டீச்சர் தாளைத் தடவித் தடவிப் பிழை சொன்னார். முதல் தாள் கோணலாக வந்தது. இரண்டாவதில் கடைசி வரி தாளுக்கு வெளியே போய்விட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு ஏழாவது தாள். வரிகள் நேராக இருந்தன. நான் துள்ளிவிட்டேன்.

"இரு," என்றார் டீச்சர். விரல் ஒன்பதாவது வரியில் நின்றது. "வரி ஆரம்பத்துல ஒரு புள்ளி விழலை. பதினேழாவது வரியிலும் இப்படித்தான் இருக்கு, பாரு."

மஞ்சுநாத் பட்டியலை மறுபடி படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். பிறகு தமிழில், "தப்பு என்னோடது மேடம். எட்டு வரிக்கு ஒரு தடவை கொஞ்சம் காத்திருக்கணும். பட்டியல்ல எழுத மறந்துட்டேன்."

ஒரு வரி சேர்த்தேன். பட்டனை அழுத்தினேன். பிரிண்டர் தடதடவென்று அதிர, அடுத்த அறையிலிருந்தவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். டீச்சர் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். திக்காமல், நிற்காமல், வகுப்பில் படிப்பது போலவே. கடைசி வரி முடிந்ததும் யாரோ கை தட்டினார். பார்த்தால் சுப்பையா.

"பட்டியலை எங்க இணையதளத்துலேயே போட்டுருவோம், யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும். உங்க புரோகிராமையும் சேத்துப் போடலாமா?"

"தாராளமா சார். யாரும் திருத்தலாம், யாருக்கும் குடுக்கலாம். அப்படித்தான் போடணும்," என்றேன்.

"மஞ்சு, அடுத்த பெட்டியில இருந்து லினக்ஸ்லயும் ஓடும்னு அச்சடிக்கச் சொல்லு."

2.30. ஓசூரிலிருந்து திரும்பும் பஸ். ஜன்னலில் காற்று முகத்தில் அடிக்க, டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். கல்லாவியில் கணினி என்றால் எங்கோ பெரிய ஊரில் யாரோ செய்து அனுப்புவது, நாம் வாங்கிக்கொள்வது என்றுதான் நினைப்போம். செய்கிறவர்கள் மத்திகிரியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, நாம் போய்ச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிற தூரத்தில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பள்ளியில் பிரிண்டரை இயக்கினோம். முந்தின நாள் ராத்திரியே நான் தட்டச்சு செய்து வைத்திருந்த முதல் பாடம் பதினொரு பக்கமாக வந்து விழுந்தது. நந்தினியும் ரேகாவும் ஆளுக்கொரு தாளை மேஜையில் விரித்துக்கொண்டார்கள். நந்தினியின் விரல் இரண்டாவது பத்தியில் நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது.

"டீச்சர், இங்க பெரிய 'ற' வரணும். சின்ன 'ர' போட்டிருக்காங்க."

பிழை என்னுடையது. மைய வாசலில் "தட்டச்சு பிழையின்றிச் செய்து தரப்படும்" என்று பலகை வைத்திருப்பவள் நான். ஆனாலும் அன்றைக்கு அந்த வகுப்பில் என்னைவிடப் பெரிதாகச் சிரித்தவர் வேறு யாருமில்லை.