நாயோடு தராசில் ஏறிய வியாழக்கிழமைகள்

நாய் வீட்டுக்குள் ஏறிவிட்டால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அப்படிப்பட்டவளுக்குச் சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில் கிடைத்த முதல் வேலை, ஒரு நாயின் மயிரைக் கூட்டி அள்ளுவது. நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டு வீடு, கிழமையில் மூன்று காலைகள். வீட்டுக்காரி அறுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருந்தவர். இடுப்பில் ஒபரேசன் செய்து, ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். நானும் இவரும் எங்களுக்குள் அவரை நாய்க்காரம்மா என்றுதான் சொல்லிக்கொள்வோம். இவர் என்றால் என் கணவர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்துச் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வரும்வரை வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

நாய் ஆப்கான் இனத்துப் பெட்டை. அழகுப் போட்டிகளுக்குக் கொண்டுபோகிற நாய். நீண்ட மூஞ்சியும் நிலத்தைத் தொடுகிற மயிருமாக, கலியாணப் பட்டைப் போர்த்திக்கொண்டு நடப்பது போலிருக்கும். வந்த முதல் நாளே நாய்க்காரம்மா என் கையைப் பிடித்து அந்த மயிருக்குள் விட்டார். விரலில் தட்டுப்பட்டதெல்லாம் எலும்பு. மேலே பட்டு, உள்ளே வெறுங்கூடு.

கூட இருந்த கிழட்டு நாய் அந்தக் குளிர்காலத்தில் செத்துப்போனதாம். அதிலிருந்து இது தின்பதில்லை. மிருக வைத்தியர் எல்லாச் சோதனையும் செய்து, நோய் ஒன்றும் இல்லை என்றுவிட்டார். போன போட்டியில் நடுவரும் என்னைப் போலவே கையை விட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். அடுத்த போட்டி கோடை தொடங்கும்போது. அதற்குள் நாலு கிலோ கூட வேண்டும். கூடாவிட்டால், நாயை வளர்த்து விற்ற ஜெர்மனிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன், அங்கே மற்ற நாய்களோடு சேர்ந்தாவது தின்னட்டும் என்றார். சொல்லும்போது நாயின் காதைத் தடவிக்கொண்டேயிருந்தார். நாய் போவதை நானும் விரும்பவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. நாய் போனால் மயிர் இல்லை. மயிர் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு நான் எதற்கு?

இன்னொன்றும் இருந்தது. நான் அப்போது பிள்ளைத்தாச்சி, இரண்டாம் மாதம். இவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மூன்று மாதம் நிரம்புமுன் வெளியில் வாய்விடக்கூடாது, கண்ணூறு படும் என்பது எங்கள் வழக்கம். முதல் தடவை நான் அந்த வழக்கத்தை மதிக்கவில்லை. இவர் முன்னால் புறப்பட்டுப் போக, நான் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்துக் கிடந்தேன். சந்தோசம் தாங்காமல் அறையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் சொன்னேன். சொன்ன வாய் மூடுமுன் எல்லாம் கலைந்து போனது. டொக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். என் வாய்தான் காரணம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஆகவே இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாயின் நிறையைப் பார்ப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. குளியலறைத் தராசில் நாய் நிற்காது, நழுவிப் போய்விடும். ஆகவே ஒரு ஆள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், வருகிற நிறையிலிருந்து ஆளின் நிறையைக் கழிக்க வேண்டும். இடுப்பு ஒபரேசனுக்கு முன்பு நாய்க்காரம்மாவே தூக்குவாராம். இப்போது அந்த வேலை எனக்கு வந்தது. முதல் வியாழக்கிழமை என்னைத் தனியாக நிறுத்தார். ஐம்பத்தொன்று. பிறகு நாயோடு. எழுபத்தொன்று. நாய் இருபது என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு என்னைத் தனியாக நிறுக்கவே இல்லை. ஒரு பெண்ணைக் கிழமைக்குக் கிழமை நிறுப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். எனக்கும் அது நிம்மதி. என் உடம்பின் கணக்கை இன்னொருவர் வாயால் கேட்க நான் விரும்பவில்லை.

ஆனால் வியாழக்கிழமை என்றாலே எனக்குப் பயம். இருபது கிலோ நாயை வயிற்றோடு அணைத்துத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். இறக்கி வைத்த கையோடு கழிப்பறைக்குப் போய், இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்று கண்ட பிறகுதான் மூச்சு வரும். இவருக்குப் பிள்ளை தெரியும், நாயைத் தூக்குவது தெரியாது. நாய்க்காரம்மாவுக்கு நாயைத் தூக்குவது தெரியும், பிள்ளை தெரியாது. இரண்டையும் அறிந்தவள் நான் ஒருத்திதான். என்னால் ஒருவரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

நாய்க்குச் சாப்பாடு வைப்பது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அவித்த மாட்டிறைச்சி, சோறு, முட்டை, தயிர்க்கட்டி எல்லாம் போட்ட கிண்ணத்தை வைத்துவிட்டு, நாய்க்காரம்மா கதவில் சாய்ந்துகொண்டு நாயின் வாயையே பார்த்தபடி நிற்பார். அது மணந்து பார்க்கும், அவரைப் பார்க்கும், பிறகு போய்ப் படுத்துவிடும். தின்கிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் இறங்கும்? அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் பாஷை இல்லை.

ஒரு நாள் அவர் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் இருந்துகொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புச் சோற்றைக் குழைத்தேன். நாய் எனக்கு முன்னால் வந்து குந்தி, என் கையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுக்காமல் தின்றால் வயிற்றுக்குத்து வரும் என்பார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு வயிற்றுக்குத்தை விலைக்கு வாங்குவேனா? ஒரு கவளம் உருட்டி நீட்டினேன். பல் படாமல் வாங்கிக்கொண்டது. இன்னொன்று கொடுத்தேன். பிறகு எழுந்து அதன் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

அங்கேதான் தயங்கினேன். மாட்டிறைச்சியை நான் அதுவரை தொட்டதில்லை. கழுவுகிற கையுறையைப் போட்டுக்கொண்டு நீட்டினேன், நாய் மூஞ்சியைத் திருப்பியது. இடக்கையால் கொடுக்கலாமோ என்று யோசித்தேன். நாயாக இருந்தாலும் இடக்கையால் உணவு கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வலக்கையாலேயே குழைத்து, உருட்டித் தீத்தினேன். கிண்ணம் பாதிக்கு மேல் காலியானது. ரெலிபோனை வைத்துவிட்டு வந்த நாய்க்காரம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். போட்டி நாயைக் கையால் தீத்திப் பழக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்து, பிறகு கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து கிழமையில் ஆறு நாள் எனக்கு வேலை.

எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் அந்த மணம் போகாது. இவர் முதல் நாளே பிடித்துவிட்டார்.

"என்னப்பா, உம்மட கையில ஏதோ மணக்குது?"

"நாயின்ர சாப்பாடு."

"நீரோ குழைக்கிறீர்? மாடோ?"

"மாடுதான். முருகன் கோவிச்சால் சமாளிக்கலாம். நாய்க்காரம்மா கோவிச்சால் எங்க போறது?"

இவர் சிரித்தார். "சொந்தப் பிள்ளைக்குத் தீத்த முதல் நாய்க்குத் தீத்திப் பழகிறீர் போல."

"உங்கட வாயைக் கழுவுங்கோ!" என்று கத்திவிட்டேன். பிள்ளை என்ற சொல்லை எங்கள் அறைக்குள் சொன்னால்கூட எனக்குப் பயம். இவருடைய முகம் வாடியது.

மணம் கையோடு நிற்கவில்லை, வயிற்றைக் குமட்டியது. நாய்க்குக் கடைசிக் கவளத்தைத் தீத்திவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். தண்ணீரைத் திறந்துவிட்டால் சத்தம் வெளியே கேட்காது. பாவாடை இடுப்பில் நிற்காமல் போக, ஊசி குத்திக்கொண்டேன். மெலிந்துபோகிறீர் என்று இவர் சொன்னபோது, பனி நாட்டில் அப்படித்தான் என்று பதில் சொன்னேன். நாய் படாத பாடு என்று நாங்கள் சும்மா சொல்கிறோம். அந்த வீட்டில் நாய் ஒரு பாடும் படவில்லை.

இவ்வளவும் செய்தும் தராசு அசையவில்லை. அடுத்த வியாழன் எழுபத்தொன்று. அதற்கடுத்த வியாழனும் எழுபத்தொன்று. ஒரு கிழமை எழுபதரைக்கு இறங்கியது. நாய்க்காரம்மா தராசைச் சுவரோரம் வைத்தார், நடுவில் வைத்தார், முள்ளைத் தட்டிப் பார்த்தார். மயிரைச் சீவும்போது எலும்பு முன்னைப்போல் கையில் குத்தவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் கை சொன்னதை விட்டுவிட்டுத் தராசு சொன்னதைத்தான் இருவரும் நம்பினோம். நாளாக ஆக அவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். தின்கிற நாய் ஏன் கூடவில்லை? சாப்பாட்டை நான் குப்பையில் கொட்டுகிறேன் என்று நினைக்கிறாரோ? மாட்டிறைச்சி தின்னமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் இருந்தது. கொட்டவும் மாட்டேன் என்று சொல்வதற்கு இல்லை. குப்பைவாளியின் மூடியை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு வேலை செய்தேன்.

போட்டிக்கு முந்திய கிழமை, ஜெர்மனிக்காரரோடு அவர் ரெலிபோனில் பேசினார். நாயைக் கூட்டிப்போக வரும் நாளைக் குறிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. ரெலிபோனை வைத்ததும், கடைசியாக ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுவோம் என்றார். நாய் என்னோடுதான் வரும் என்பதால் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

வைத்தியரிடம் நிலத்தோடு நிலமாகப் பதிந்த பெரிய தராசு ஒன்று இருந்தது. நாய் தானாகவே ஏறி, நல்ல பிள்ளையாக நின்றது.

"இருபத்துநாலு," என்றார் வைத்தியர்.

"இருக்காது. உங்கள் தராசு பிழை," என்றார் நாய்க்காரம்மா.

வைத்தியர் சிரித்துவிட்டுத் தானே ஏறிக் காட்டினார். தராசு சரி. நாயின் மயிருக்குள் கையை விட்டு, இதைவிட என்ன வேண்டும், போட்டிக்குத் தாராளமாகப் போகலாம் என்றார். நாய்க்காரம்மா சிரிக்கவில்லை. நாயின் கழுத்துப்பட்டியைப் பிடித்தபடி நெற்றியைச் சுருக்கி, உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில், நாயின் தலை என் மடியில். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்ற நேரம்தான் எனக்கு உறைத்தது. நாய் நாலு கிலோ கூடியிருக்கிறது. இரண்டு பேரையும் சேர்த்த நிறை மாறவில்லை. அப்படியென்றால் அந்த நாலு கிலோ என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. நாய் தப்பிவிட்டது, என் வேலையும் தப்பிவிட்டது என்று சந்தோசப்படவேண்டிய நேரம் அது. எனக்கோ சந்தோசம் வரவில்லை. நான் நாலு கிலோ கரைந்திருக்கிறேன் என்றால், உள்ளே இருக்கிற பிள்ளை எதைத் தின்றிருக்கும்? நாய்க்கு ஆறு நாளும் தீத்திய நான், அதற்கு என்ன கொடுத்தேன்? வீடு வந்து சேரக்கூடாது, நாய்க்காரம்மா இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கக்கூடாது என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து தராசைக் காட்டினார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். நாய் இல்லாமல் வெறுங்கையோடு ஏறி நிற்க, கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"நாற்பத்தேழு," என்றார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு ஏதும் வருத்தமா, நோயா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் வழியை விடவில்லை. பிள்ளைத்தாச்சி என்பதற்கான ஜெர்மன் சொல்லை நான் முன்பே அகராதியில் தேடி வைத்திருந்தேன், ஆஸ்பத்திரியில் என்றாவது தேவைப்படும் என்று. மூன்று மாதம் நிரம்பிவிட்டதா என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதற்றத்தில் எண்ணிக்கை வரவில்லை. தராசில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

நாய்க்காரம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "இவ்வளவு நாளும் அதை வைத்துக்கொண்டா தூக்கினீர்கள்?" என்று சத்தம் போட்டார். எனக்கு விளங்காத சொற்களில் திட்டினார். நான் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு குளியல்தொட்டியின் விளிம்பில் பொத்தென்று இருந்து, ஈரக் கண்ணோடு என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நான் நாயை மட்டும்தான் பார்த்தேன்," என்றார்.

"நாளைக்கு வேலைக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

"வரலாம். ஒன்றையும் தூக்கக்கூடாது. இப்போது முதலில் டொக்டர்." எழுந்து ரெலிபோனுக்குப் போய்விட்டார்.

நான் தராசிலிருந்து இறங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லிவிட்டேன் அல்லவா, கொழும்பில் நடந்தது இனி இங்கேயும் நடக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்று பின்னேரமும் நடக்கவில்லை, அந்தக் கிழமையும் நடக்கவில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் மகள் பிறந்தாள், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. தாதி நிறையைச் சொன்னபோது, இன்னொரு முறை நிறுக்கச் சொல்லிக் கேட்டேன்.