ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

புற்றுநோய் வார்டில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் ஊசி போடுவது, மீதி நேரம் ஆறுதல் சொல்ல வந்தவர்களை வெளியே அனுப்புவது. என்னைப்போலவே வார்டில் கிடந்து அல்லாடுகிற நர்ஸ்களான உங்களுக்கு இது தெரியாததில்லை. நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவள்தான். ஆனாலும் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தால் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போவேன்.

பாவ விசாரணை

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஞானசெல்வம் அக்கா வந்தார். மார்பில் கட்டி. கணவர் இறந்தபின் பீடி சுற்றி மகளைப் படிக்கவைத்தவர். முதல் மருந்து ஏறி, வாந்தி எடுத்து ஓய்ந்து கிடந்த மதியம் ஒரு சபை ஊழியக்காரர் வந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை. மறைத்துவைத்த பாவம் ஏதும் இருந்தால் அறிக்கையிடும்படி கேட்டார், திருட்டு நகையைக் கேட்பதுபோல. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, அடுத்த ரூம்ல நாலு வயசுப் பிள்ளைக்கும் இந்த நோய்தான். அதுகிட்ட என்ன கேக்கப் போறீய?"

சத்தம் பதியவில்லை

பிறகொரு நாள், அக்காவுக்காக ஜெபிப்பதைப் படம்பிடிக்க மூன்று பேர் கேமராவோடு வந்தார்கள். அக்கா தலையில் கட்டியிருந்த துணியை எடுத்தால் பார்க்கிறவர்கள் மனம் உருகுமாம். அக்கா மறுத்துவிட்டார். ஜெபம் என்னவோ உருக்கமாகத்தான் இருந்தது. ஆமென் சொன்னதும் கேமராக்காரர், சத்தம் சரியாகப் பதியவில்லை என்றார். ஜெபித்தவர் உடனே கண்ணை மூடி, அதே இடத்தில் அதே மாதிரி குரல் உடைந்து அழத் தொடங்கினார். அக்கா கையமர்த்தினார்.

"போயிட்டு வாங்க தம்பி. ஆண்டவருக்கு முதல்லயே கேட்டிருக்கும்."

பக்கத்துக் கட்டில்

எஸ்டேட்டில் தேயிலை பறித்த பேச்சியம்மாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார். ஊசியைப் பார்த்ததும் நடுங்கி, ஊருக்கே போகிறேன் என்று எழுந்துவிட்டார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அக்கா, மருந்து தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் அருகில் உட்கார்ந்தார். பைபிள் வசனம் எதுவும் சொல்லவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே ஆண்டவர் கையப் பிடிச்சிருக்கேன். நீ என் கையப் பிடி."

சாட்சி

பேச்சியம்மாள் பிடித்தார், ஊசியும் போட்டுக்கொண்டார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டார்கள். அக்காவுக்குக் கட்டி சுருங்கி, ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. செய்தி எப்படித்தான் போனதோ, வார்டுப் பக்கமே எட்டிப்பார்க்காத ஒரு ஜெபக்குழுத் தலைவர் வந்து நின்றார். தங்கள் ஜெபத்தால்தான் சுகம் என்று அக்கா கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"சொல்லுதேன் ஐயா. ஊசி போட்டது இந்த சிஸ்டர், வாந்திய அள்ளினது பேச்சியம்மா, தூக்கம் வராம கிடந்தப்போ கூட இருந்தது ஆண்டவர். இதுல நீங்க எங்கன வாறீய?"

நம்பிக்கை தர வந்த அத்தனை பேரையும் தாண்டி ஒருவர் நம்பிக்கையோடு வீடு போய்ச் சேர்ந்ததைத்தான் நான் அற்புதம் என்று சொல்வேன்.