கொத்தாத சுவர்

எதிர் மனையில் புதுச் சுவருக்கு ஒருவர் ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் குழாய், மறு கையில் செல்போன். பாதித் தண்ணீர் தெருவுக்குத்தான் போகிறது. ஈரச் சாந்து வாசனை வந்ததும் நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஆயுசு முழுக்கக் கொத்தனாராக இருந்தவருக்குச் சாந்து வாசனை ஆகாதா என்று மருமகள் சிரிக்கிறாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். எனக்கு இருபத்திரண்டு வயது, தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்திருந்த நேரம். காதில் பென்சில் செருகிக்கொண்டுதான் நடப்பேன். அதை வைத்து எழுத ஒன்றும் இருக்காது, அது வேறு விஷயம். மீனாட்சி அக்கா கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டுக்காரர் ராமையா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். எட்டு வருஷம் கழித்து ஐப்பசியில் ஊர் திரும்புகிறார். வீடு பூசாத செங்கல் வீடு. யாரோ கொடுத்தார்கள் என்று செங்கல் மேலேயே பச்சை எண்ணெய் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

"அவுக வந்து எறங்கும்போது வீடு பாக்க லெட்சணமா இருக்கணும் தம்பி. சன்னலுக்கு மேல கொடியும் பூவும் போட்டுக் குடுங்க."

பெயின்ட் அடித்த செங்கலில் சாந்து பிடிக்காது. சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி உளியால் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கொத்துவது நாலு நாள் வேலை, கை கொப்புளித்துவிடும், பூசி முடித்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. பூ ஊருக்கே தெரியும். வாசலைச் சுற்றி மட்டும் பேருக்குக் கொத்திவிட்டு, மிச்சச் சுவரில் தண்ணீர் தெளித்து அப்படியே பூசினேன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்புச் சாந்து, அந்தப் புளித்த வாசனைக்கு ஈ மொய்க்கும். கொடி போட்டேன், பூ போட்டேன், கேட்காத இரண்டு கிளியும் போட்டேன். ஒரு கிளி கொஞ்சம் கோழி மாதிரி வந்துவிட்டது. அக்கா அதைத்தான் அழகு என்றார்.

கிளம்பும்போது சன்னல் பக்கம் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். வெறும் பானையைத் தட்டின சத்தம். வேறு இடத்தில் தட்டவே இல்லை.

"ஏழு நாளு, காலையும் சாயந்தரமும் தண்ணி விடுங்கக்கா" என்று பெரிய மேஸ்திரி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். ஊருணி அரை மைல் தள்ளி இருந்தது. அடியில் கிடந்த தண்ணீரைக் குடம் குடமாக இடுப்பில் சுமந்து வந்து ஊற்றியிருக்கிறார்.

ராமையா வந்தார். ஊரே வந்து கிளியைப் பார்த்தது. நாலு நாளில் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டாம் நாள் எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், சன்னலுக்கு மேலே பச்சைப் பெயின்ட் பளபளவென்று தெரிந்தது. பேருக்குக் கொத்திய வாசல் ஓரம் தவிர பூச்சு மொத்தமும் பெயர்ந்து கீழே கிடந்தது. ஒரு துண்டை எடுத்துத் திருப்பினேன். முதுகுப்பக்கம் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. கொத்தாமல் பூசிய சுவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நாந்தான் தம்பி. நடுவுல காச்சல்ல கெடந்தேன். ஒரு நாளு தண்ணி விட்டுப்போச்சு."

"எட்டு வருசம் அங்கிட்டுக் கெடந்து வந்திருக்கேன்" என்றார் ராமையா, அக்கம்பக்கத்து ஆட்கள் நிற்கும்போதே. "ஒரு சுவத்துக்குத் தண்ணி விட ஒனக்குத் துப்பு இல்லையா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதுனாலதானே தம்பி?"

கையிலிருந்த துண்டைப் பூப்பக்கம் மேலே தெரியும்படி தரையில் வைத்தேன். "அப்படித்தான் இருக்கும்க்கா" என்றேன்.

இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மழை விட்டதும் நானே வந்து மறுபடி பூசித் தருகிறேன் என்றேன். பெரிய மனசு என்று ராமையா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை ஒரு விரற்கடை விடாமல் கொத்தினேன். "எதுக்குத் தம்பி இப்படிக் கொத்துறீங்க?" என்று அக்கா கேட்டார். பழைய சாந்து ஒட்டியிருக்கும் என்று அதற்கும் ஒரு பொய். கொடி, பூ, கிளி எல்லாம் மறுபடி போட்டேன், அக்காவுக்குப் பிடித்த அந்தக் கோழி மாதிரிக் கிளி உட்பட. அவர் ஏழு நாளுக்குப் பதில் பதினாலு நாள் தண்ணீர் விட்டார். "தங்கமான கொத்தனாரு, நாந்தான் கெடுத்துப்புட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தச் சொல்லால் எனக்கு நாலு ஊரில் வேலை கிடைத்தது.

போன வருஷம் அந்த வீட்டை இடித்தார்கள். அக்காவும் ராமையாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கேள்விப்பட்டு நானும் போய் நின்றேன். பூச்சு கடப்பாரைக்கு மசியவில்லை.

"எவரு பூசுனாரோ, என்னா பிடி பிடிச்சிருக்கு!" என்றார் இடித்தவர்.

அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கொடி, பூ, கோழி மாதிரி இருந்த கிளி எல்லாம் டிப்பரில் ஏறிவிட்டன.

'நீங்க தண்ணி விட்டதுல ஒரு கொறையும் இல்லக்கா.' இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. கேட்க வேண்டியவரும் இல்லை, இப்போது அந்தச் சுவரும் இல்லை.